கெடு முடிந்த மறுநாள்

ஒரு காப்புரிமை செத்துப்போனதற்காகக் காலையில் பல் தேய்க்கும்போதே சிரிக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? காலண்டர் சிரித்தார். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க, காலங்காத்தால?" என்று மனைவி எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்ல, பழைய ஜோக் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு" என்று வாயைக் கொப்பளித்தார்.

காலண்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பட்டறையில் ஒரு வெல்டர் வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. கரண்ட் பில், வங்கித் தவணை, வரி, வண்டி இன்சூரன்ஸ், மச்சினன் மகள் பிறந்தநாள், எதையும் அவர் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். கடைசித் தேதி என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்பே போய் வரிசையில் நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடைசித் தேதியைத் தெரிந்தே நழுவ விட்டிருந்தார். நழுவியது அவருடைய தேதி இல்லை, தம்பியுடையது. அதுதான் சிரிப்புக்குக் காரணம்.

இதைப் புரிய வைக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், அவரைத் தூக்க இரண்டு பேரும் கை கொடுத்தால் கட்டில் நழுவி ஓடும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிப் பூட்டு. குனிந்து குனிந்து போட வேண்டும். "ஒரே மிதியில நாலும் நிக்கணும்ணே" என்றான் தம்பி. அவன் வரைந்தான், கடைந்தான், தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைந்தான். அண்ணன் பேட்டண்ட் ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்து, காகிதமெல்லாம் பார்த்து, உள்நாட்டில் ஒரு காப்புரிமையும் ஒரு வெளிநாட்டில் இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். அந்தப் பூட்டுச் சக்கரம் சந்தையில் ஓடு ஓடென்று ஓடியது. பட்டறை தொழிற்சாலையானது. அப்புறம் போர்டில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்து, யார் பெண்டாட்டி யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது வரை போய், பாகப்பிரிவினையில் முடிந்தது.

லேத் மெஷின் அவனுக்கு, பிரஸ் மெஷின் இவருக்கு. கட்டடம் இவருக்கு, வேன் அவனுக்கு. கடைசியில் காப்புரிமைகள் மிச்சம். நிலத்துக்கு நடுவில் வரப்புப் போடுகிற மாதிரி அதையும் பிரித்தார்கள்: உள்நாடு அண்ணனுக்கு, வெளிநாடு தம்பிக்கு. விஷயம் தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கோ அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இனி அந்த நாட்டில் இந்தச் சக்கரத்தைத் தம்பி மட்டும்தான் விற்கலாம். அதற்கு அலைந்து காப்புரிமை வாங்கிய அண்ணன் விற்றாலும் திருட்டுத்தான்.

ஆனால் வெளிநாட்டுக் காப்புரிமை என்பது வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஆயிற்று என்கிற சமாச்சாரம் இல்லை. வருஷா வருஷம் அந்த நாட்டு அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். தேதி தப்பினால் ஆறு மாதம் அபராதத்தோடு தவணை தருவார்கள். அதையும் தாண்டினால் தீர்ந்தது, எவன் வேண்டுமானாலும் அந்தப் பொருளைச் செய்து விற்கலாம். பிரிந்த பிறகு வந்த முதல் கெடு இது. நினைவூட்டல் பழைய முகவரிக்கே வந்தது, அதாவது காலண்டரின் தொழிற்சாலைக்கு. தம்பி முகவரியை மாற்றவே இல்லை. 'சோம்பேறிப் பய. இதைக்கூடவா செய்யத் துப்பில்ல?' என்று நினைத்துக்கொண்டு அதைக் கிழித்துப் போட்டார். அடுத்து வந்ததையும் கிழித்தார். ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். துரோகம் செய்வதற்கு இவ்வளவு சௌகரியமான வழியை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

மனுஷன் பேசாமல் மட்டும் இருந்தாரா? தம்பியிடம் சக்கரம் வாங்கிக்கொண்டிருந்த அந்த நாட்டு மொத்த வியாபாரியைக் காதும் காதும் வைத்த மாதிரிப் பிடித்தார். தம்பியின் சரக்கு சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று அந்த ஆள் ஏற்கெனவே சலித்துப் போயிருந்தார். காலண்டர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி, ஒரு கண்டெய்னர் நிறையச் சக்கரம் செய்து கப்பலேற்றிவிட்டார். கப்பல் கிளம்பும்போது காப்புரிமைக்கு உயிர் இருந்தது, கரை சேரும்போது இருக்காது. அவரல்லவா கணக்குப் போட்டது!

நேற்றோடு கெடு முடிந்தது. தொழிற்சாலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இன்னமும் அவர்தான் ஏஜெண்ட்.

"சார், நேத்தோட அந்த வெளிநாட்டுப் பேட்டண்ட்டுக்குக் கெடு முடிஞ்சிருக்குமே. பாவம், தம்பி என்ன பண்ணானோ தெரியல." குரலில் எவ்வளவு வருத்தம் வேண்டுமோ அவ்வளவும் கலந்திருந்தார்.

"ஒண்ணும் கவலையில்ல சார். கட்டியாச்சே."

"என்ன கட்டியாச்சு?"

"ஃபீஸ்தான். அபராதத்தையும் சேத்து, முழுசா."

"யாரு கட்டினது?"

ஏஜெண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சார், விளையாடறீங்களா? நீங்கதான்!"

காலண்டருக்குத் தூக்கி வாரிப் போட்டது. போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார், அந்தக் காதிலாவது வேறு மாதிரிக் கேட்கும் என்பதுபோல.

"நானா? அது அவன் பேருல இருக்கற பேட்டண்ட் சார். நான் எப்படிக் கட்ட முடியும்?"

"யாரு வேணா கட்டலாம் சார். அவங்களுக்கு ஃபீஸ் வந்தாப் போதும், யாரு கையிலேருந்து வருதுன்னு பாக்கவே மாட்டாங்க. ரோட்டுல போறவன்கூடக் கட்டலாம். ஆனா எவன் கட்டுவான்? நீங்க கட்டினீங்க. நான் என் சம்சாரத்துகிட்டயே சொன்னேன், இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனான்னு."

 காலண்டருக்குக் கப்பல் நினைவுக்கு வந்தது, கப்பலுக்குப் பின்னால் வங்கி, அதற்குப் பின்னால் வீட்டுப் பத்திரம். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். "இப்ப யாராவது அந்த நாட்டுக்கு இந்தச் சக்கரத்த அனுப்பியிருந்தா என்னாகும்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன், மாட்டிக்குவாங்க. உங்க தம்பி ஒரு வார்த்தை சொன்னா சரக்கத் துறைமுகத்துலயே நிறுத்திடுவாங்க. அப்புறம் கேஸு, நஷ்ட ஈடு எல்லாம் வரிசையா வரும். தம்பி கைப்பட ஒரு சம்மதக் கடிதம் இருந்தாத்தான் தப்பிக்கலாம். ஏன் சார், யாராவது அனுப்பியிருக்காங்களா?"

"சேச்சே" என்று போனை வைத்தார்.

வைத்த கையோடு கணக்கம்மாவைக் கூப்பிட்டார். பதினைந்து வருஷமாக அந்தத் தொழிற்சாலையின் கணக்கு வழக்கைப் பார்க்கிற பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்து மார்பில் தொங்கவிட்டிருப்பார், பேசும்போது மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வார். இப்போதும் போட்டுக்கொண்டார்.

"தம்பியோட பேட்டண்ட்டுக்கு ஃபீஸ் கட்டச் சொன்னது யாரு?"

கணக்கம்மாவின் முகம் முதலில் சுருங்கியது, பிறகு கனிந்தது. "தெரிஞ்சுபோச்சா சார்? உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லக் கூடாது?"

"போன வாரம் நீங்க பேங்குக்குப் போயிருந்தப்ப ஏஜெண்ட் போன் பண்ணாரு. கெடு முடியப் போகுது, சின்னவரு நம்பர் மாறிடுச்சு போல, கிடைக்கல, என்ன பண்றதுன்னு கேட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நோட்டீஸ் நம்ம ஆபீஸுக்குத்தானே வருது, நீங்க போயி ஒரு தேதிய மறப்பீங்களா சார்? வயசாகுதில்ல, சின்னவரு பிரிஞ்சு போன கவலை வேற. மறந்துட்டீங்கன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்க. அதான், நம்ம கணக்குலயே கட்டச் சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?" என்று கத்தினார் காலண்டர்.

"நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க? கெடு உள்ள எதுவா இருந்தாலும் கேட்டுக்கிட்டு நிக்காத, மொதல்ல கட்டு, அப்புறம் பேசிக்கலாம்னு. ஒருதரம் கேக்க வந்ததுக்கு ஃபைலத் தூக்கி வீசினீங்களே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. காலண்டர் எதைத்தான் மறந்தார்? தம்பியின் கழுத்துக்கு வைத்த கத்தியைத் தன் தொழிற்சாலையே, தன் பணத்திலேயே, தான் போட்ட சட்டப்படியே பிடுங்கி எறிந்திருக்கிறது. கத்துவதற்கு யாரும் கிடைக்கவில்லை. கணக்கம்மாவோ, அவர் நெகிழ்ந்துபோய்ப் பேச்சற்று நிற்பதாக நினைத்துக்கொண்டு, "தண்ணி குடிங்க சார்" என்றார்.

ஒரு வெள்ளைத்தாளில் சம்மதக் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து, அச்செடுத்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். மிரட்டலாமா? எதை வைத்து மிரட்டுவது? காலில் விழலாமா? தம்பி காலிலா? கப்பலில் போவது தன் சரக்கு மட்டும் இல்லை, தான் குடியிருக்கிற வீடும் மனைவியின் நிம்மதியும் அதே கண்டெய்னரில்தான் போகின்றன என்பது உறைத்தது. தம்பி குடிபோன தெரு தெரியும், வீடு தெரியாது. முனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம், "சக்கரக்காரர் வீடு எது?" என்று அன்னியனைப்போல விசாரித்தார். அவர் இடுக்கியாலேயே வழி காட்டினார்.

கீழே பட்டறை, மேலே வீடு. தரையெல்லாம் இரும்புத் தூள். பழைய லேத் ஜன்னலோரமாக நின்றது, அதன் மேல் தம்பியின் கிழிந்த பனியன் துடைப்புத்துணியாகக் கிடந்தது. மூலையில் பூட்டு மாட்டாத சக்கரங்கள் சாக்குச் சாக்காக. வேலையாட்கள் யாரும் இல்லை. படியேறிக் கதவைத் தட்டினார். திறந்தது தம்பி மனைவி. பார்த்ததும் அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா!" என்றாள். அடுத்த நொடி திரும்பி உள்ளே பார்த்து, "என்னங்க, ஓடி வாங்க, மாமா வந்திருக்காரு!" என்று வீடே அதிரும்படி கூவினாள்.

தம்பி ஓடித்தான் வந்தான். முழங்கை வரை கிரீஸ். சண்டைக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற காலண்டரை அப்படியே கட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. 

"ஏஜெண்ட் நேத்து எப்படியோ என் நம்பரத் தேடிப் பிடிச்சுச் சொன்னாருண்ணே" என்றான் தம்பி. "நீ கட்டிட்டேன்னு. எனக்கு நம்பவே முடியல. இல்ல இல்ல, நம்பினேன். உன்ன நம்பாம யார நம்புவேன்?"

அவரை இழுத்து உட்கார வைத்தான். ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. காலண்டர் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லவா? பாகம் பிரிச்ச அன்னைக்கே ஏஜெண்ட் கேட்டாரு, இனிமே நோட்டீஸெல்லாம் எந்த அட்ரஸுக்கு வரணும்னு. அண்ணன் அட்ரஸே இருக்கட்டும்னு சொன்னேன். அவரு என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பாத்தாரு. மூஞ்சி குடுத்துப் பேசிக்காதவங்க, அவரு அட்ரஸ எப்படிங்க போடறதுன்னாரு. சண்டை வேற, தேதி வேறன்னேன். என் கையில நோட்டீஸ் வந்தா எங்க வச்சேன்னு தேடறதுக்குள்ள கெடு போயிடும். எங்கண்ணன் வாசலுக்குப் போற தேதி செத்தாலும் தப்பாதுன்னேன்."

சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அது சோம்பேறித்தனம் இல்லை. காலண்டருக்குக் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது போலிருந்தது. கையிலிருந்த தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது.

"நான் வேற ஒரு காரியமா வந்தேன்டா" என்று எப்படியோ வாயைத் திறந்தார். "கொஞ்சம் சக்கரம்... அந்த நாட்டுக்கு அனுப்பிட்டேன். உன் சம்மதம் வேணுமாம்."

எப்போது அனுப்பினாய், ஏன் அனுப்பினாய், என்னைக் கேட்டாயா என்று ஒரு கேள்வி வந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். தம்பி கையை மட்டும் துடைத்தான். "அவ்வளவுதானே? எங்க போடணும்?" என்று கேட்டான். காட்டிய இடத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "நானே ஆர்டர் முடிக்க முடியாமத் திணறிக்கிட்டுக் கெடக்கேன். ஆளுங்க யாரும் நிக்கல. நீ அனுப்பினா நல்லதுதான். நம்ம சக்கரம்தானே?"

வந்த வேலை முடிந்தது. தொழிற்சாலை பிழைத்தது, வீடு பிழைத்தது. இனி எழுந்து, தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படியிறங்கிப் போக வேண்டியதுதான் பாக்கி. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தும் விட்டார். கதவருகே தம்பி மனைவி வழியை மறித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது."

"என்னம்மா?"

"நோட்டீஸ் உங்க அட்ரஸுக்கு வருதுன்னு தெரிஞ்சப்ப நான் இவரத் திட்டினேன். உங்கண்ணன் பேசாம அமுக்கிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுட்டேன். இவருக்கு வந்துச்சே கோவம், நாலு நாள் என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. தப்பா நெனச்சுட்டேன் மாமா. என்னை மன்னிச்சுடுங்க."

குனிந்து அவர் காலைத் தொட வந்தாள். காலண்டர் சுட்டது மாதிரிக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேரை அவர் மன்னித்திருக்கிறார். மன்னிப்பதில் அவருக்கு ஒரு ருசியே உண்டு. இதை மட்டும் தாங்க முடியவில்லை.

"நீ தப்பா நெனைக்கலம்மா" என்றார்.  "சரியாத்தான் நெனச்சே. அமுக்கத்தான் பாத்தேன்."

தம்பி சிரித்தான். "சும்மா இருண்ணே. அவளைப் பயமுறுத்தாத."

"விளையாட்டு இல்லடா. ரெண்டு நோட்டீஸையும் கிழிச்சுப் போட்டேன். பேட்டண்ட் போயிடும்னு கணக்குப் போட்டுத்தான் சரக்க அனுப்பினேன். உன் வியாபாரிய நான்தான் வளைச்சேன். ஃபீஸ் கட்டினது கணக்கம்மா. நான் மறந்துட்டேன்னு நெனச்சுப் பாவப்பட்டுக் கட்டியிருக்காங்க. எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

தம்பியின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றது. இறங்குவதற்கு அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. காலண்டர் ஏஜெண்ட்டின் போனை வைத்ததிலிருந்து தன் முகத்தில் சுமந்துகொண்டிருந்த அதிர்ச்சியெல்லாம் இப்போது தம்பி முகத்துக்கு இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்க முடியாமல் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "கிழிச்சுப் போடு" என்றார்.

திட்டுவான் என்று காத்திருந்தார். கை ஓங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது. தம்பி மனைவி சுவரோடு சுவராக நின்றாள். தம்பி கடிதத்தை எடுத்தான், முதல் தடவையாகப் படித்தான், படித்துவிட்டு அண்ணன் பக்கம் நகர்த்தினான்.

"போட்ட கையெழுத்து போட்டதுதான். எடுத்துக்க."

"வேண்டாம்டா."

"எடுத்துக்கண்ணே. அண்ணி இருக்கற வீடு அது." அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கக் காலண்டருக்குத் துணிவு இல்லை. வங்கி வட்டாரத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

தம்பி உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு. ஏஜெண்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதணும். இனிமே நோட்டீஸெல்லாம் எனக்கே வரட்டும், அட்ரஸ மாத்தணும்னு. எனக்கு இதெல்லாம் எழுத வராது. நீயே எழுதிக் குடுத்துட்டுப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கணக்கை முடித்துக்கொள்கிற வாடிக்கையாளர் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். காலண்டர் உட்கார்ந்தார்.  தேதி போட்டார். மதிப்புக்குரிய ஐயா என்று ஆரம்பித்தார். காப்புரிமை எண், வாங்கிய நாள், அடுத்த கட்டணத்துக்கான கெடு எல்லாம் மனப்பாடமாக ஓடின, எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புதிய முகவரி என்று எழுதி, புள்ளி வைத்து, தம்பி பெயரை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

தலையைத் தூக்காமலே கேட்டார். "இந்த வீட்டுக் கதவு நம்பர் என்னடா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரோரம் நின்றிருந்த தம்பி மனைவிதான் சொன்னாள். காலண்டர் எழுதிக்கொண்டார்.